கம்பி மேல் குற்றமில்லை

1690ல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கிரயத்தில் ஒரு விசித்திரமான சரத்து இருந்தது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அந்த வட்டத்துக்குள் இருக்கிற ஊர்களும் கம்பெனிக்கே. அப்போது சென்னையில் கவர்னராக உட்கார்ந்திருந்தவர் எலிஹு யேல், பின்னாளில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கே பேர் கொடுத்த அதே புண்ணியவான். இருக்கிற பீரங்கியிலேயே நல்லதாகப் பொறுக்கி இங்கே அனுப்பிவைத்தார். சர்வேயர் வரவில்லை, சங்கிலி பிடிக்கவில்லை, மணியக்காரர் கையெழுத்துக்கு யாரும் நடக்கவில்லை. சுட்டார்கள். விழுந்த இடம் வரைக்கும் பட்டா. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர் விழுந்தது.

எங்கள் பக்கத்துச் செம்மங்குப்பம் அங்கிருந்து தெற்கே, சிதம்பரம் போகிற வழியில் தள்ளி இருக்கிறது. எப்பேர்ப்பட்ட கவர்னர் அனுப்பிய பீரங்கியானாலும் இவ்வளவு தூரம் வந்து விழுந்திருக்காது. ஆனாலும், "இதோட ரேஞ்ச் எவ்வளவு?" என்று ஒரு கருவியைப் பார்த்துக் கேட்டு, அந்தப் பதிலை வைத்தே நிலத்தை வளைத்த பெருமை எங்கள் பக்கத்துக்குத்தான். அதே கேள்வியைத்தான் இன்றைக்கும் லேன் கேபிள் வாங்குகிறவர் கடைக்காரரிடம் கேட்கிறார். மஞ்சள் நிறத்துத் தடிக் கேபிளுக்கு 500 மீட்டர், அதற்குப் பின் வந்த மெல்லிய கறுப்புக் கேபிளுக்கு 185, இப்போது வீட்டில் ஓடுகிற முறுக்கு ஒயருக்கு 100. தூரத்தில் பீரங்கியை எதுவும் நெருங்க முடியாது. ஒரே குறை, பதில் வர நேரமாகும். தேவனாம்பட்டினத்தில் சுட்டதற்குப் பதில் 1758ல்தான் வந்தது. அதுவும் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தார்கள், கோட்டையோடு எடுத்துக்கொண்டார்கள்.

பீரங்கிக்குப் பிறகு வந்த கம்பிகளின் கதையைப் பொறுமையாகக் கேட்டால் ஒரு விஷயம் பிடிபடும். கம்பி பாவம், தன் பாட்டுக்குக் கிடக்கும். வம்பெல்லாம் முனையில். சொருகுகிற இடம், திருகுகிற இடம், ஒட்டுப்போட்ட இடம். ஆனால் பழி முழுக்கக் கம்பிக்கு. "லைன் கட்டு" என்போம், "கேபிள்ல ஏதோ பிராப்ளம்" என்போம். போய்ப் பார்த்தால் கேபிள் குத்துக்கல்லாட்டம் இருக்கும். அதன் தலையில் மாட்டிய பத்து ரூபாய் கனெக்டர் பல்லை இளித்துக்கொண்டிருக்கும்.

இந்தியாவில் முதலில் கம்பி கட்டியவர் ஒரு டாக்டர். பேர் வில்லியம் ஓஷானஸி, அயர்லாந்துக்காரர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். 1839ஆம் வருஷத்தில் அவர் இரண்டு காரியம் செய்தார். கஞ்சாவை ஆராய்ந்து, வலிக்கும் வலிப்புக்கும் அது கேட்கிறது என்று எழுதி மேல்நாட்டு மருத்துவத்துக்கு அறிமுகம் செய்துவைத்தார். அதே வருஷம் மைல்கணக்கில் கம்பியைக் கட்டி, அதன் வழியே செய்தி அனுப்பலாம் என்றும் காட்டினார். முதல் ஆராய்ச்சிக்கும் இரண்டாவதற்கும் சம்பந்தம் உண்டா என்று வரலாற்றாசிரியர்கள் நாகரிகம் கருதிக் கேட்காமல் விட்டார்கள். நானும் விட்டுவிடுகிறேன்.

கம்பெனி யோசித்து யோசித்து 1850ல்தான் அவருக்கு அனுமதி கொடுத்தது. கல்கத்தாவிலிருந்து டைமண்ட் ஹார்பருக்கு லைன். இங்கிலாந்தில் மெல்லிய கம்பி கட்டிக்கொண்டிருந்த காலத்தில் இவர் இங்கே சுண்டுவிரல் தடிமனுக்கு இரும்புக் கம்பியைத் தூக்கிக் கட்டினார். காரணம் மின்சார சாஸ்திரம் அல்ல, குரங்கு. குரங்குக் கூட்டம் தொங்கி ஆடினாலும், பருந்துகள் வரிசையாக உட்கார்ந்தாலும் அறுகக் கூடாது. பயனாளர் யார் என்று பார்த்துச் செய்த வடிவமைப்பு என்று இதைச் சொல்லலாம். பயனாளர் வாலோடு இருந்தார் என்பது தவிர வித்தியாசமில்லை. அடுத்த நாலைந்து வருஷத்தில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை எல்லாம் தந்தியில் இணைந்தன. ராணி சர் பட்டம் கொடுத்தார். 2013 ஜூலையில் தந்தியையே இழுத்து மூடினார்கள். கடைசி நாள் தந்தியாபீசில் கூடிய கூட்டம், அதுவரை ஒரு தந்தியும் கொடுக்காதவர்களின் கூட்டம்.

கடலுக்கடியில் கம்பி போட மரப்பால் தேவைப்பட்டது. மலாயாக் காட்டு மரத்தில் வடியும் கட்டா பெர்ச்சா. உப்புத் தண்ணீருக்கு அசையாது. வெள்ளைக்காரன் அதில் இரண்டு பண்டம் செய்தான்: கடலடிக் கேபிளுக்கு உறை, கோல்ஃப் பந்து. உலகத்தை ஒன்றாக்கவும் நேரத்தைப் போக்கவும் ஒரே மரம், மரம்தான் மிச்சமில்லாமல் போயிற்று. 1870-71ல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை அந்தக் கம்பி போய்ச் சேர்ந்தது. 2002ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கண்ணாடி இழைக் கேபிள் இறங்கியபோது புது யுகம் பிறந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. கடலுக்கடியில் கிடந்த மீன்களுக்கு அது இரண்டாவது முறை.

சரி, ஊருக்கு வருவோம். செம்மங்குப்பத்தைத் தொட்டுக்கொண்டு போகிற ரயில் பாதை 1870களின் கடைசியில் தென்னிந்திய ரயில்வே போட்ட மீட்டர்கேஜ். 2010ல்தான் அகலப்பாதையாக மாறியது. பேர் என்னவோ மெயின் லைன். இருந்தது ஒற்றைத் தடம். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி புறப்பட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட தடங்களுக்கு ரயில்வே வைத்திருந்த வைத்தியம் டோக்கன். அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷனிலும் ஆளுக்கொரு இரும்புப் பெட்டி, நடுவே கம்பி. அந்தப் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதித்து அழுத்தினால்தான் இந்தப் பக்கத்துப் பெட்டியில் ஓர் எஃகு உருண்டை விழும். அது இங்கேயோ அங்கேயோ மறுபடி பெட்டிக்குள் போகிற வரை இன்னோர் உருண்டை வெளியே வராது. உருண்டை யார் கையில் இருக்கிறதோ, தடம் அவர் சொத்து.

அந்த உருண்டையைத் தோல் பையில் போட்டு, பையைப் பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி, பாயின்ட்ஸ்மேன் பிளாட்பார ஓரத்தில் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். நிற்காத வண்டி என்றால் எஞ்சினிலிருந்து ஒரு கை நீளும். வளையம் முழங்கை வரை ஏறிச் சுற்றும். அதே வேகத்தில் பழைய வளையம் பிளாட்பாரத்தில் வந்து விழுந்து உருளும். வேடிக்கை பார்க்க வந்த பயல்கள் முழங்காலைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியது அவரவர் பொறுப்பு.

1985ல் ஐபிஎம் கம்பெனி ஒரு புதுமையை அறிவித்தது. அலுவலகத்தில் இருக்கிற கணினிகளை எல்லாம் வட்டமாக இணைப்பது. வட்டத்துக்குள் டோக்கன் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். டோக்கன் எந்தக் கணினியிடம் இருக்கிறதோ அது மட்டும் பேசலாம், பேசி முடித்ததும் அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். பேர் டோக்கன் ரிங். வேகம் நொடிக்கு 40 லட்சம் பிட். உலகம் வாயைப் பிளந்தது. டோக்கனையும் ரிங்கையும் ஒரே கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற பாயின்ட்ஸ்மேன் எவருக்கும் ராயல்டி வரவில்லை.

அந்த டோக்கன் ரிங்குக்கு ஐபிஎம் செய்த கனெக்டரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பொதுவாகக் கனெக்டர் என்றால் ஆண், பெண் என்று இரண்டு உண்டு. கடையில் "மேலா ஃபீமேலா" என்று கூச்சமில்லாமல் கேட்பார்கள். ஐபிஎம் இந்த வழக்கையே ஒழித்தது. ஒரே வடிவம். எந்த முனையும் எந்த முனையோடும் சேரும். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் போதும். மேல்நாட்டு இன்ஜினியர்கள் இதைப் பெரிய சாதனை என்று கட்டுரை கட்டுரையாக எழுதினார்கள். சிதம்பரம் பக்கத்தில் பிறந்தவனுக்கு அர்த்தநாரீசுவரரைப் புதிதாக யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இன்னொரு குணமும் அதற்கு உண்டு. பிடுங்கி வைத்தால் உள்ளே இருக்கிற தகடுகள் தாமாகவே ஒன்றையொன்று தொட்டு வட்டத்தை மூடிக்கொள்ளும். ஒருவர் கோபித்துக்கொண்டு போனாலும் குடும்பம் ஓடும். கம்பியின் சரித்திரத்தில் இவ்வளவு யோக்கியமான முனை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆகவே அது பருமனாகவும் அநியாய விலையாகவும் இருந்து, சந்தையில் தோற்று, செத்தும் போனது.

ரயில் பாதையை விட்டு நகரும் முன் ஒன்று. 2025 ஜூலை 8 காலை, இதே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அது இன்டர்லாக் செய்யாத கேட். கேட் மூடியிருந்தால்தான் சிக்னல் கிடைக்கும் என்கிற பிணைப்பு அங்கே இல்லை. ஸ்டேஷனிலிருந்து போனில் ஒரு கேள்வி, கேட்டிலிருந்து ஒரு பதில், அவ்வளவுதான். அதற்குப் பிறகே, ரயில்களையும் வாகனங்களையும் பெருக்கிப் போடுகிற கணக்கில் 20,000 தாண்டினால் இன்டர்லாக் என்றிருந்த வரம்பை ரயில்வே 10,000 ஆகக் குறைத்தது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. இந்த ஊர்ப் பேரைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போகவும் முடியாது.

*

டோக்கன் ரிங்கை மண்ணைக் கவ்வ வைத்தது ஈதர்நெட். 1973 மே 22 அன்று கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் பாப் மெட்காஃப் என்பவர் ஒரு குறிப்பு எழுதினார். ஹவாய்த் தீவுகளில் ரேடியோ மூலம் கணினிகள் பேசிக்கொள்ளும் அலோஹா என்ற ஏற்பாடு ஒன்று இருந்தது. வெட்டவெளியில் செய்கிற அதையே ஒரு கேபிளுக்குள் செய்தால் என்ன என்பது அவர் யோசனை. அந்தக் கேபிளுக்கு ஈதர் என்று பேர் வைத்தார். வான்வெளி முழுக்க ஈதர் என்ற பொருள் நிரம்பியிருக்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். 1887ல் மைக்கல்சனும் மோர்லியும் சோதித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். ஆக, இல்லாத ஒன்றின் பேரைத் தூக்கி, தூக்கவே முடியாத ஒரு கேபிளுக்குச் சூட்டினார் மெட்காஃப்.

டோக்கன் ரிங் ரேஷன் கடை. டோக்கன் இருந்தால் பேசு, இல்லாவிட்டால் வரிசையில் நில். ஈதர்நெட் தெருக்குழாயடி. சத்தம் இல்லை என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் வாயைத் திறக்கலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் இருவரும் கப்பென்று மூடிக்கொண்டு, ஆளுக்கொரு கணக்கில் கொஞ்ச நேரம் காத்திருந்து, மறுபடி திறக்க வேண்டும். இது ஒருநாளும் உருப்படாது என்று ஐபிஎம் பக்கத்துப் பண்டிதர்கள் கணக்குப் போட்டே நிரூபித்தார்கள். நம் ஜனங்களைக் கேட்டிருந்தால் எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று குடத்தை இறக்காமலே சொல்லியிருப்பார்கள்.

மெட்காஃபின் ஜோசியமும் அப்படியொன்றும் சுத்தமில்லை. 1996ல் இன்டர்நெட் மொத்தமாகச் சரிந்துவிடும், சரியாவிட்டால் எழுதியதைத் தின்கிறேன் என்று 1995 கடைசியில் சவால் விட்டார். சரியவில்லை. 1997ல் ஒரு மாநாட்டு மேடையில், அச்சான தன் கட்டுரையை மிக்சியில் தண்ணீர் விட்டு அரைத்து, எல்லோரும் பார்க்க விழுங்கினார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய ஒரே கணினி நிபுணர் என்பதற்காகவே 2022க்கான டூரிங் விருது அவருக்குத் தகும். கொடுத்தவர்கள் வேறு காரணம் சொன்னார்கள்.

முதலில் வந்த ஈதர்நெட் கேபிள் ஒரு சென்டிமீட்டர் தடிமன், மஞ்சள் நிறம், வளைத்தால் முறைக்கும். 500 மீட்டர் நீளம் ஓடலாம். இரண்டரை மீட்டருக்கு ஒரு கறுப்புக் கோடு போட்டிருக்கும், அந்தக் கோட்டில்தான் கணினியை இணைக்கலாம். இணைப்பதற்குக் கேபிளை வெட்டக் கூடாது. ஓடுகிற கேபிளிலேயே துளை போட்டு, நடுக்கம்பியைத் தொடுகிற மாதிரி ஒரு பல்லை இறக்க வேண்டும். இதற்கு வேம்பயர் டேப் என்று பேர். நம்மூர்க் காட்டேரிக்கு ஒரு படையல் போட்டால் சமாதானமாகிவிடும். இது அப்படியில்லை. பல் கொஞ்சம் குறைவாக இறங்கினால் உங்கள் கணினி ஊமை. கொஞ்சம் கோணலாக இறங்கி வெளிவலையைத் தொட்டுவிட்டால் கட்டடமே ஊமை. அந்தப் பல்லிலிருந்து கணினிக்கு 15 பின் வைத்த இன்னொரு கேபிள், அதைப் பிடித்துக்கொள்ள ஸ்குரூவுக்குப் பதில் ஒரு நழுவுகிற தகடு. கேபிளின் பாரம் தாங்காமல் தகடு நழுவும், ராத்திரியில் சத்தமில்லாமல் கழன்று விழும். மறுநாள் காலை எல்லோரும் மென்பொருளைச் சந்தேகிப்பார்கள்.

அந்த மஞ்சள் மலைப்பாம்பு நம் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் கண்டது அதன் ஏழைத் தம்பியை. சுண்டுவிரலில் பாதித் தடிமன், கறுப்பு நிறம், 185 மீட்டர், ஒரு கேபிளில் 30 கணினி. மாட்டுவது பிஎன்சி கனெக்டர்: சொருகி, கால் சுற்றுத் திருகினால் கடித்துக்கொள்ளும். ஒவ்வொரு கணினியின் முதுகிலும் டி வடிவத்தில் ஒரு முனை. இந்தக் கையில் முன்னவர், அந்தக் கையில் அடுத்தவர். வரிசையின் இரண்டு கடைசியிலும் 50 ஓம் டெர்மினேட்டர், ஒரு மூடி. அது இல்லாவிட்டால் கேபிளில் போன சிக்னல் முட்டுச்சந்தில் மோதித் திரும்பி வந்து, வருகிற சிக்னலோடு மல்லுக்கட்டும்.

தொண்ணூறுகளில் சிதம்பரத்தில் மேல வீதிப் பக்கம் அப்படியொரு கம்ப்யூட்டர் சென்டர். செருப்பை வாசலில் விட வேண்டும், தூசி ஆகாது. உள்ளே ஏசி, மங்கலான வெளிச்சம், மேசை வரிசை, மேசைக்கடியில் காலை வைக்க இடமில்லாமல் இந்தக் கறுப்புக் கேபிள். கடைசி மேசைப் பையன் சோம்பல் முறித்துக் காலை நீட்டியதுதான் தாமதம், வரிசை முழுக்கத் திரை உறைந்தது. சார் எழுந்து வந்தார்.

"எவன்டா டெர்மினேட்டரத் தட்டிவுட்டது?"

ஆளுக்கு ஆள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது டெர்மினேட்டர் என்றால் அர்னால்டு. அவரை இந்த ஊரில் தட்டிவிடுகிற ஆள் யார் என்று நிஜமான ஆவல். மேசைக்கடியில் சார் குனிந்து, கேபிளைத் தடவித் தடவிப் போய், நுனியில் ஒன்றுமில்லை என்று கண்டார். மூடி உருண்டு எங்கேயோ போய்விட்டது. பாண்டிச்சேரிக்கோ சென்னைக்கோ ஆள் அனுப்பினால்தான் வேறு கிடைக்கும். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. பக்கத்துத் தெரு ரேடியோ மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் வாயில் பீடி, கையில் சால்டரிங் அயர்ன்.

"அம்பது ஓம்மா? அம்பது வராது சார், நாப்பத்தேழு இருக்கு. இருங்க..." பழுப்பு, கறுப்பு, பழுப்புக் கோடு போட்ட நூறு ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முறுக்கினார். நூறும் நூறும் இணையாகச் சேர்ந்தால் ஐம்பது. ஒரு பழைய பிஎன்சி பிளக்கின் நடுப் பின்னுக்கும் ஓட்டுக்கும் குறுக்கே வைத்துப் பற்றவைத்தார், ஊதினார், கொடுத்தார். வரிசை முழுக்க உயிர் வந்தது. ஜெராக்ஸ், இன்டெல், டிஜிட்டல் மூன்று கம்பெனியும் சேர்ந்து வகுத்த தரத்தைச் சிதம்பரத்தில் நிலைநாட்டியவர் அவர். கூலியாக டீ.

அந்தக் கேபிளின் மூலப்பிழை எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டியதுதான். 1990ல் வந்த அடுத்த தரம் இதைப் புரிந்துகொண்டு ஆளுக்கொரு ஒயர், நடுவே ஒரு ஹப் என்று பிரித்துவிட்டது. எவனாவது காலை நீட்டினால் அவன் மட்டும் போவான். ஒயரும் புதிதில்லை. இரண்டு கம்பியை ஒன்றோடொன்று முறுக்கினால் வெளியிலிருந்து வருகிற இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறி, மறுமுனையில் கழித்துப் பார்க்கும்போது காணாமல் போகும் என்று 1881லேயே காப்புரிமை வாங்கிவைத்தவர் கிரகாம் பெல். அதை நாலு ஜோடியாக்கி, நீல உறைக்குள் போட்டு, கேட்5, கேட்5இ, கேட்6 என்று வருஷத்துக்கு ஒரு பேர் வைத்து விற்கிறார்கள்.

இதற்கு முனை ஆர்ஜே45. அதை அப்படிச் சொல்வது தப்பு, உண்மையான பேர் வேறு என்று ஒரு கோஷ்டி சண்டைக்கு வரும். அவர்களை யாரும் விசேஷங்களுக்குக் கூப்பிடுவதில்லை.

ஆர்ஜே45 மாட்டுவதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஜபம். நீல உறையை ஓரங்குலம் உரித்து, முறுக்கைப் பிரித்து, எட்டுக் கம்பியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தட்டையாக நீவி, உதடு அசைய வேண்டும்: ஒயிட் ஆரஞ்சு, ஆரஞ்சு, ஒயிட் கிரீன், புளூ, ஒயிட் புளூ, கிரீன், ஒயிட் பிரவுன், பிரவுன். நடுவில் யாராவது "தம்பி டீ சாப்புடுறியா" என்று கேட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நுனியை ஒரே வெட்டில் நேராக்கி, கனெக்டருக்குள் தள்ளி, எதிர்ப்பக்கம் எட்டுச் செம்புப் புள்ளியும் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, நீல உறையும் உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்து, கிரிம்பிங் டூலில் வைத்து ஓர் அழுத்து. டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தால் சாமி வரம் கொடுத்துவிட்டது. ஏழு எரிந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஒயிட் ஆரஞ்சு.

ஆரஞ்சும் பச்சையும் ஒரு முனையில் மட்டும் இடம் மாறினால் அதற்கு கிராஸ் கேபிள் என்று பேர். இரண்டு கணினியை நேருக்கு நேர் சேர்க்க அதுதான் வேண்டும். இரண்டு முனையிலும் மாறினால் ஒன்றும் ஆகாது, சாதா கேபிள்தான். கூட்டணி எந்தப் பக்கம் மாறுகிறது என்பதைவிட, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாறுகிறதா என்பதே முக்கியம். இப்போது வருகிற சுவிட்சுகள் எப்படிச் சொருகினாலும் தாமாகவே புரிந்துகொள்கின்றன. ஒரு தலைமுறை மனப்பாடம் செய்த ஞானம் இப்படித்தான் வீணானது.

ஆர்ஜே45க்கு முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கொக்கி. கோடிக்கணக்கான ரூபாய் சர்வர்களைப் பிடித்து நிறுத்தியிருப்பது அதுதான். அது உடையும். உடையும் என்று வடிவமைத்தவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உடைந்த பிறகு தீக்குச்சி முட்டுக்கொடுத்தோ ரப்பர் பேண்ட் போட்டோ, சும்மா சொருகி "யாரும் இந்தப் பக்கம் நடக்காதீங்க" என்று சொல்லியோ அலுவலகங்கள் வருஷக்கணக்கில் ஓடும். நெட் வரவில்லை என்று போன் செய்தால் எதிர்முனையில் கேட்கிற முதல் கேள்வி, "அந்த ஒயரக் கொஞ்சம் ஆட்டிப் பாத்தீங்களா சார்?" மெட்காஃப் முதல் டூரிங் விருதுக் குழு வரை யாரும் இதைவிடச் சிறந்த வைத்தியம் சொன்னதில்லை.

கம்பி மேல் குற்றமில்லை என்றேன். கம்பி விற்பவர் கணக்கு வேறு. அலுமினியத்தின் மேல் மெல்லிசாகச் செம்பு பூசி, சுத்தச் செம்பு என்று பெட்டியில் அச்சடித்து விற்கிற ஒயர் சந்தையில் உண்டு. கத்தியால் நுனியைச் சுரண்டினால் வெள்ளையாகப் பல் தெரியும். கூடவே எலி. சோளம், கடலை, கருவாடு எல்லாம் கிடைக்கிற ஜில்லாவில் லேன் கேபிளைத் தின்கிற எலியின் ருசி எனக்குப் பிடிபட்டதில்லை.

டிவி கேபிள்காரர்களை ஒரு வாக்கியத்தில் கடந்துபோவது நன்றிகெட்டதனம், ஆனாலும் கடக்கிறேன்: தென்னை மரத்திலிருந்து முருங்கை மரத்துக்கும், அங்கிருந்து மாரியாத்தா கோயில் கோபுரத்துக்கும் கறுப்பு ஒயரை இழுத்து, கம்பியின் நடுச்செம்பையே பின்னாக வைத்துக்கொள்கிற எஃப் கனெக்டரைப் பல்லாலேயே சீவி மாட்டி, கிராமத்துக்குள் முதல் நெட்வொர்க்கைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடலூரில் கரையேறியபோது மின்கம்பமும் போன் ஒயரும் டிவி ஒயரும் மரமும் ஒரே குவியலாகக் கிடந்தன. சாதி, தர வேறுபாடு இல்லாமல் எல்லாக் கேபிளும் ஒன்றாகப் படுத்தது அப்போதுதான்.

கடைசியாகக் கண்ணாடி. ஒளியை இழைக்குள் வளைத்து அனுப்பலாம் என்று 1954ல் கட்டுரை எழுதியவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. தூய்மையான கண்ணாடி இருந்தால் தூரமாகவும் அனுப்பலாம் என்று 1966ல் கணக்குப் போட்டவர் சார்லஸ் காவ். 2009ல் நோபல் காவுக்குப் போனது; கபானிக்கு, நாம் கூட்டங்களில் அவர் பேரைச் சொல்கிற பெருமை வந்தது.

கண்ணாடி இழையைப் பற்றி முதலில் ஏமாந்தவர்கள் செம்புத் திருடர்கள். போன் கேபிளை வெட்டி உரித்துச் செம்பை எடைக்குப் போட்டுப் பழகிய கைகள், புதுக் கேபிளை ராத்திரியெல்லாம் தோண்டி உரித்தால் உள்ளே தலைமுடி மாதிரி ஏதோ வந்தது. காயலான் கடையில் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். தொழிலே மாறிப்போனது. இப்போது இழைக்கு ஒரே எதிரி ஜேசிபி. பூண்டியாங்குப்பம் வழியாக நாகப்பட்டினத்துக்கு நாலுவழிச் சாலை போட வந்த எந்திரங்களின் வாளிக்கு, எது மண், எது கேபிள் என்ற பாகுபாடு கிடையாது.

இழையிலும் வம்பு முனையில்தான். வீட்டுக்கு வருகிற எஸ்சி கனெக்டரில் நீலம் ஒன்று, பச்சை ஒன்று. நீலத்தின் முகம் நேராகத் தேய்த்தது. பச்சை எட்டு டிகிரி சாய்த்துத் தேய்த்தது, பட்டுத் திரும்புகிற வெளிச்சம் வந்த வழியே போகாமல் ஓரமாக ஒதுங்க. இரண்டும் ஒரே ஓட்டையில் அழகாக நுழையும், கிளிக் என்று சத்தமும் போடும், வேலை மட்டும் செய்யாது. அந்த எட்டு டிகிரிக்குள் எத்தனை ஊழியர்களின் ஞாயிற்றுக்கிழமைகள் போயின என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

செம்மங்குப்பம் பக்கம் ஒரு திண்ணையில் ஒட்டுப்போடுவதைப் பார்த்தேன். பையனுக்கு இருபது வயசு இருக்கும். உறையை உரித்து, இழையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சில் துடைத்து, வெட்டுகிற கருவியில் வைத்து ஒரு தட்டு. பிறகு ஸ்பிளைசிங் மெஷினுக்குள் இரண்டு நுனியையும் படுக்கவைத்து மூடினான். சின்னத் திரையில் இரண்டு நுனியும் தூண் மாதிரிப் பெரிசாகத் தெரிந்தன, தாமாகவே நகர்ந்து நேருக்கு நேர் வந்தன, ஒரு பொறி, ஒன்றாயின. அந்த வீட்டு ஆயா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல கரண்டு வருமா தம்பி?"

"வராது ஆயா. வெளிச்சந்தான் வரும்."

"அப்ப கரண்டு போனாலும் இது எரியுமா?"

"இல்ல ஆயா, நெட்டும் போயிடும். வூட்டுல வெக்கிற பொட்டிக்குக் கரண்டு வேணுமில்ல."

"கரண்டு இருந்தா எனக்கு வெளிச்சம் இருக்கு. கரண்டு போனா ஒன் வெளிச்சமும் போவுது. அப்பறம் எதுக்குடா இத்தினி மிஷினத் தூக்கிக்கினு வந்த?"

பையன் அசரவில்லை. மெஷினை மூடினான்.

"அதுக்குத் தனியா ஒரு பேட்டரி இருக்கு ஆயா. ஆயிரத்து ஐநூறு. போட்டுடவா?"